சேவல் கூவினால் மாப்பிள்ளை திரும்பிவிடுவாரா?

சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் வழுக்கம்பாறை வரும். நள்ளிரவு முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட சுசீந்திரத்து ஈசன் அந்த இடத்துக்கு வந்தபோதுதான் நாரதர் சேவலாகக் கூவினார் என்பார்கள். விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று நினைத்து மாப்பிள்ளை திரும்பிவிட்டார். குமரியில் காத்திருந்த அம்மன் கன்னியாகவே நின்றுவிட்டாள். கல்யாணச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாய்ப் போயிற்று. எங்கள் மாவட்டத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கேட்டவர்களில் பலரும் மனதுக்குள்ளாவது கேட்டிருப்பார்கள்: ஒரு சேவல் கூவியதற்காகவா? வானத்தை நிமிர்ந்து பார்த்தால் தெரியாதா? நேரம் தப்பியே போயிருந்தாலும், வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

பெரியவர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். பாணாசுரனுக்குக் கன்னியின் கையால்தான் சாவு. கல்யாணம் நடந்திருந்தால் அசுரன் பிழைத்திருப்பான். அதனால் நடக்கக்கூடாது. சரியான பதில்தான். ஆனால் அது கதைக்கு என்ன தேவை என்று மட்டும்தான் சொல்கிறது. நாம் கேட்டது, பாதி வழியில் நின்ற மாப்பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் என்ன தோன்றியது என்பதை. அசுரன் சாகவேண்டும் என்பது தேவர்களின் அவசரம். திரும்பி நடந்த கால்கள் அவருடையவை.

ஃபேன் ஃபிக்ஷன் (பிடித்துப்போன கதையின் ஆட்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஓர் இடத்தில் கூடினால் பேச்சு இந்த இரண்டாவது கேள்வியைத்தான் சுற்றும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், யாரோ படைத்த ஆட்களை எடுத்து இஷ்டத்துக்குக் காதலிக்க வைக்கிற வேலை இது என்று நினைக்கிறார்கள். அதுவும் நடக்கிறது, மறைப்பானேன். ஆனால் நான் பார்த்தவரையில், யாரை யாரோடு சேர்த்தாய் என்று தொடங்குகிற சண்டைகூட, 'அவள் அப்படிச் செய்வாளா' என்பதில்தான் போய் முடியும்.

ஆங்கில வாசகர்கள் இந்த இரண்டு வகைப் பதிலுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஷெர்லக் ஹோம்ஸ் ரசிகர்களிடமிருந்து வந்தவை: வாட்சன் பக்கத்துப் பதில், டாயில் பக்கத்துப் பதில். ஹோம்ஸ் கதைகளைச் சொல்கிற டாக்டர் வாட்சனுக்குப் போரில் பட்ட குண்டு, 1887-ல் வந்த முதல் நாவலில் தோளில் இருக்கிறது. 1890-ல் வந்த இரண்டாவது நாவலில் காலுக்கு இறங்கிவிடுகிறது. எழுதிய ஆர்தர் கோனன் டாயில் மறந்துவிட்டார் என்பது டாயில் பக்கத்துப் பதில். இரண்டு குண்டு பட்டிருக்க வேண்டும், முதலில் ஒன்றைத்தான் சொன்னார், இன்னொன்றை ஏன் மறைத்தார் என்று துருவிக்கொண்டு போவது வாட்சன் பக்கத்துப் பதில். முதல் பதிலோடு பேச்சு முடிந்துவிடும், உண்மையும் அநேகமாக அதுதான். இரண்டாவதில் எழுதப்படாத கதை ஒன்று இருக்கிறது.

அதே ஹோம்ஸிடம் இதைவிடப் பெரிய விவகாரம் ஒன்று உண்டு. டாயில் 1893-ல் அவரை அருவியில் தள்ளிக் கொன்றார். 1903-ல் திரும்பக் கொண்டுவந்தார். கதைக்குள்ளே அந்த இடைவெளி மூன்று வருடம். மூன்று வருடமும் ஹோம்ஸ் உயிரோடு இருப்பது அண்ணன் மைக்ராஃப்டுக்குத் தெரியும். ஒரே வீட்டில் குடியிருந்த நண்பன் வாட்சனுக்குத் தெரியாது. திரும்பி வந்த ஹோம்ஸ் ஒரு காரணம் சொல்கிறார்: என்மேல் உனக்கிருக்கும் பாசத்தில் நீ ஏதாவது செய்து ரகசியம் வெளியே போயிருக்கும் என்று. வாட்சன் அதை ஏற்றுக்கொள்கிறார். படிக்கிறவர்களில் எத்தனையோ பேரால் ஏற்க முடியவில்லை. ஆசிரியரே எழுதிக் கொடுத்த காரணம், ஆனாலும் ஆளுக்குப் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாத இடத்தில்தான் மன்னிக்காத வாட்சன்களும், சொல்லத் தைரியம் வராத ஹோம்ஸ்களும் எழுதப்படுகிறார்கள். கதை பிடித்துப்போனவர்கள்தான் இப்படிக் குடைவார்கள். பிடிக்காதவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

நாகர்கோவிலில் எங்களுக்கு ஒரு சிறு கூட்டம் உண்டு. வேப்பமூடு பூங்காவில் சந்திப்போம். மழையென்றால் யாராவது ஒருத்தர் வீடு. மார்த்தாண்டத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா, குளச்சலிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் (எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'), அப்புறம் வருவதும் போவதுமாகச் சிலர். எழுதியதைப் பிரதி எடுத்து முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் படித்துவிட்டு வந்து கிழிப்பார்கள். கிழிபடப் போகிறவர்தான் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கி வரவேண்டும் என்பது சார் போட்ட சட்டம்.

தமிழில் இந்த மாதிரி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் போய் விழுகிற கிணறு பொன்னியின் செல்வன். நாங்களும் விதிவிலக்கில்லை. 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த கதை, கல்கி முடித்தபோது வாசகர்கள் திடீரென்று முடித்துவிட்டதாகக் குறைப்பட்டார்கள், அவர் முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் ஆறாதவர்கள் இருந்தார்கள். விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகி, கல்கி விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிற நாவல். ஃபேன் ஃபிக்ஷன் என்ற பேரை நம்மூரில் யாரும் கேள்விப்படாத காலத்திலேயே இதெல்லாம் நடந்திருக்கிறது.

குளச்சல் பிள்ளை எழுதிக் கொண்டுவந்தது சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைப் பற்றி. காயம்பட்டுக் கிடக்கிற பாண்டிய மன்னன் வீரபாண்டியனை விட்டுவிடச் சொல்லி, அவன் காதலித்த நந்தினி கரிகாலனிடம் கெஞ்சுகிறாள். கரிகாலன் வெட்டிவிடுகிறான். ஏன் வெட்டினான்? பிள்ளையின் கதையில் காரணம் பொறாமை, அதுவும் சுத்தமான பொறாமை. சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எதிரி ராஜா கையில கெடச்சா ஒரு இளவரசன் வேற என்ன செய்வான்? அது அவனுக்க தொழில்." பிள்ளை விடவில்லை. "தொழில்னா அவன் ஏன் சார் அதுக்கப்புறம் தூங்காம அலையுறான்?" நல்ல கேள்வி. நாவலில் அந்தக் காட்சி நமக்கு முதலில் கரிகாலன் வாயால்தான் தெரிய வருகிறது. தான் செய்ததைத் தானே சொல்கிறவன், சொல்லும்போதே எதையோ மாற்றிச் சொல்கிறானோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

அன்றைக்குப் பேச்சைத் திருப்பியது நர்ஸ் அக்கா. "அந்த நேரத்துல அவனுக்கு என்னெல்லாம் தெரியும்? அதை மொதல்ல எழுது பிள்ளே," என்றார். ஆஸ்பத்திரியில் ராத்திரி கொண்டுவருகிற கேஸ்களில் கூட வந்தவர் கையெழுத்துப் போடுவார். மறுநாள் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து, ஏன் போட்டாய், வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று அவரைப் பிய்த்து எடுப்பார்கள். "அந்த ராத்திரி அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் கேட்டியா. இவங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் விடிஞ்சதுக்கு அப்புறம் வந்தது."

இதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஒரு காட்சியில் யாராவது பெரிய முடிவெடுத்தால், எழுதியவர் ஓரத்தில் குறித்துக் காட்ட வேண்டும்: இவருக்கு இந்த நிமிடம் வரை என்ன தெரியும், யார் சொல்லித் தெரியும், எதைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறார். கரிகாலனுக்கு வீரபாண்டியன் நந்தினிக்கு உண்மையில் யார் என்று தெரியாது. நாவலேகூட அதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு இடத்தில் ஒருவிதமாகவும் இன்னொரு இடத்தில் வேறுவிதமாகவும் தோன்றும்படி விட்டுவைத்திருக்கிறது. ஐந்து பாகமும் படித்து முடித்த நாம், நமக்குத் தெரிந்ததையெல்லாம் அவன் தலைக்குள் ஊற்றிவிட்டு, தெரிந்தே செய்தானே பாவி என்கிறோம். பிள்ளை திருப்பி எழுதியபோது பொறாமையை எடுக்கவில்லை. அவள் கெஞ்சிய வார்த்தைகளில் ஒன்றை அவன் தப்பாகக் காதில் வாங்கும்படி மாற்றினாள். கதை அங்கே எழுந்து நின்றுவிட்டது.

வரலாறு இந்த விஷயத்தில் உதவாது, அல்லது வேறுவிதமாக உதவும். கரிகாலன் கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர் இருக்கிறது, அவர்கள் சொத்தை என்ன செய்வது என்பது இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பது இல்லை. கல் வெட்டுகிறவருக்குக் காரணம் தேவைப்படவில்லை. நாவலிலோ ஒருவருக்கு மேற்பட்டவர்கள் கொலைப் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். மணிமேகலை நான்தான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தன்மேல் ஏற்றிக்கொள்கிறார். உண்மையில் யார் கொன்றது என்று துப்பறிய எனக்குப் பெரிய ஆர்வமில்லை. செய்யாததைச் செய்தேன் என்று ஒருத்தி ஏன் சொல்கிறாள் என்பதை வைத்து நாள் முழுக்கப் பேசலாம்.

ஓஓசி என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஆளின் குணத்துக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். கேனன், அதாவது மூலக்கதை, காட்டிய ஆள் வேறு, நீ எழுதியது வேறு என்பார்கள். எனக்கு இந்தக் குற்றச்சாட்டின் மேல் பாதி மரியாதைதான். மனிதர்கள் குணத்துக்கு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்த ஆள் ஒரு நாள் வடசேரிச் சந்தையில் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தால், அவர் ஆள் மாறிவிட்டார் என்று சொல்வதில்லை, வீட்டில் என்ன நடந்தது என்றுதான் கேட்கிறோம். கதையிலும் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒருவர் எழுதியிருந்தார், குந்தவை நந்தினியிடம் மன்னிப்புக் கேட்பதாக. சபையில், அத்தனை பேர் முன்னிலையில், கண்ணீர் வழிய. ஓஓசி என்று ஒரே கூச்சல். எழுதியவருக்கு முகம் சுண்டிவிட்டது. நான் கேட்டது வேறு: குந்தவை மன்னிப்புக் கேட்க மாட்டாளா, சபையில் கேட்க மாட்டாளா? அரசியல் தெரிந்த பெண் அவள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கேட்டால் அது மன்னிப்பாக இருக்காது, அதிலும் ஒரு கணக்கு இருக்கும். கேட்பாள், சாட்சியில்லாத இடத்தில். கேட்டுவிட்டு, மறுநாள் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். காட்சியைப் பழையாறை அரண்மனையில் ஒரு தனி அறைக்கு மாற்றினோம். கூச்சல் போட்டவர்களே ஒத்துக்கொண்டார்கள். முடிவு அதேதான், இடம்தான் மாறியது. ஒரு ஆள் என்ன செய்வார் என்பதில் பாதி, யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இன்னொரு வகைக் கோளாறு இருக்கிறது. 1973-ல் ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழ் ஒன்றில் பாலா ஸ்மித் என்பவர் ஒரு சிறு கேலிக்கதை எழுதினார். பதினைந்தரை வயதில் விண்கலத்தில் லெப்டினன்ட் ஆகிவிட்ட மேரி சூ என்ற பெண். அழகி, அறிவாளி, எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். அன்றிலிருந்து இப்படி வருகிற ஆட்களுக்கெல்லாம் மேரி சூ என்றே பெயர். நம் பக்கத்து மேரி சூ, நாகர்கோவில் பஸ்ஸில் தூங்கிப்போய்ச் சோழநாட்டில் கண் விழிப்பாள். மாலைக்குள் வந்தியத்தேவனுக்கே வழி சொல்வாள். எனக்கு அந்தப் பெண்ணிடம் புகாரில்லை. அவளைச் சுற்றியிருக்கிறவர்கள் காரணமில்லாமல் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதுதான் புகார். பழுவேட்டரையர் அவளைக் கண்டதும் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறார். ஏன்? அவள் வந்துவிட்டாள், அதனால். இப்படிச் சொன்னதும் குளச்சல் பிள்ளை, "அப்ப வந்தியத்தேவன் மட்டும் யாரு அக்கா? போற எடமெல்லாம் அவனைத்தான் எல்லாருக்கும் பிடிக்கிது," என்றாள். சார் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். கதாபாத்திரங்களை வைத்து வாதாடுவது புதிதில்லை. கைகேயி குற்றவாளியா, வாலி வதம் நியாயமா என்று தமிழர்கள் மேடை போட்டுப் பேசியிருக்கிறார்கள். ஆனால் பட்டிமன்றத்துக்கு நடுவர் வேண்டும், கடைசியில் தீர்ப்பு வேண்டும். தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் பேசுகிறவர் வக்கீலாகிவிடுகிறார். தன் கட்சிக்காரருக்குச் சாதகமில்லாததைச் சொல்ல மாட்டார். கதை எழுதுகிறவருக்கு அந்தச் சுகம் கிடையாது. கைகேயியின் உள்ளே போய் எழுத உட்கார்ந்தால், அவளுக்கு எதிரான சாட்சியையும் அவளே சொல்லியாக வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குக் குருஸ்தலம் என்றால் அகலிகைதான். சுசீந்திரம் கோயில் கதையே அதைத் தொட்டுத்தான் வருகிறது. அகலிகையிடம் தப்பாக நடந்து சாபம் வாங்கிய இந்திரன் இங்கே வந்து கொதிக்கிற நெய்யில் மூழ்கித் தூய்மையானான் என்கிறது தலபுராணம். இந்திரனுக்கு ஒரு கோயிலும் ஊரும் கிடைத்துவிட்டது. அவள் கல்லாகக் கிடந்தாள். சரி, அவள் என்ன நினைத்தாள்? இதற்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

வால்மீகியில் அவளுக்குத் தெரியும். முனிவர் வேடத்தில் வந்திருப்பது இந்திரன் என்று தெரிந்தே, தேவராஜன்மேல் எழுந்த ஆவலில் இசைகிறாள். கம்பன் அதை மாற்றுகிறான். அவனுடைய அகலிகைக்கு முதலில் தெரியாது. நடுவில் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் இது தகாது என்று விலகவில்லை. தெரியாமலே ஏமாந்தாள் என்று எழுதுவது எத்தனை சுலபம்! கம்பன் அந்தச் சுலபத்தை எடுத்துக்கொள்ளவில்லை. உணர்ந்ததற்கும் விலகாததற்கும் நடுவில் இருக்கிற அந்தக் கணத்தை அப்படியே விட்டுவிட்டான். இத்தனைக்கும் பிறகு விசுவாமித்திரன் வாயால், நெஞ்சால் பிழை செய்யாதவள் என்றும் சொல்ல வைக்கிறான். இது எப்படிப் பொருந்தும் என்று சாரிடம் கேட்டால் ஒரு சாயங்காலம் போதாது. பொருந்தவில்லை என்று ஒரு நாள் சொல்வார், இன்னொரு நாள், பொருந்தாததுதான் கவி என்பார்.

பிறகு 1943-ல் புதுமைப்பித்தனின் சாபவிமோசனம். அவர் அகலிகையின் பழைய காரணத்தைவிட, கல்லிலிருந்து எழுந்த பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதில் போய் நிற்கிறார். ராமன்மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. வனவாசம் முடிந்து வந்த சீதையிடமிருந்து, அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னது ராமன் என்று தெரிய வருகிறது. அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். மூலத்தில் இல்லாத சம்பவம், மூலத்தில் இல்லாத முடிவு. ஆனாலும் படிக்கிற யாருக்கும் 'இவள் இப்படிச் செய்ய மாட்டாள்' என்று தோன்றாது. தன்னை மன்னித்தவன் இன்னொருத்தியை மன்னிக்கவில்லை, அதிலும் அவள் தவறே செய்யாதவள். அந்தச் செய்தி அகலிகை காதில் விழுந்தால் வேறு என்ன நடக்கும்? அவளுக்கு என்ன தெரியும் என்பதில் ஒரே ஒரு விஷயத்தைச் சேர்த்தார், மற்றதை அவளே செய்துகொண்டாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல்கூடப் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று முன்குறிப்பாகவே சொல்லிவைத்தார். ஓஓசி கூச்சலுக்கு இதைவிடத் தெனாவட்டான பதிலை நான் படித்ததில்லை.

எங்கள் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிப் பாவைகள் உண்டு. ராமாயணத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் திரையில் வந்து அரட்டையடிப்பார்கள், கேலி செய்வார்கள். ராமனிடம் கேட்க முடியாததை உளுவத்தலையன் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் அந்த வேலையைக் குளச்சல் பிள்ளை பார்க்கிறாள்.

வில்லுப்பாட்டுக்கு வருகிறேன். ஒரே ஆளுக்கு இரண்டு காரணம் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. தம்பிமார் கதை. (தம்பி என்பது இங்கே உறவு முறையல்ல, அரசரின் பிள்ளைகளுக்குரிய பட்டம்.) வேணாட்டு அரசர் ராமவர்மா இறந்ததும் 1729-ல் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வருகிறார். மருமக்கள்தாயம், சகோதரியின் மகனுக்குத்தான் உரிமை. ராமவர்மாவின் சொந்தப் பிள்ளைகளான பப்புத்தம்பி, ராமன்தம்பி இருவருக்கும் புதிய அரசருக்கும் பகை மூள்கிறது, இருவரும் கொல்லப்படுகிறார்கள். இவ்வளவும் பொதுவானது. காரணம் என்னவென்பதில்தான் வழி பிரிகிறது. சி.வி. ராமன்பிள்ளை 1891-ல் வெளியிட்ட மார்த்தாண்டவர்மா என்ற மலையாள நாவலில் மூத்த தம்பி வில்லன். நாற்காலி ஆசை, பெண்ணாசை எல்லாம் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாளம் படித்த வீடுகளில் அந்தத் தம்பிதான் தம்பி. வில்லில் பாடுகிற கதையில் தொடக்கமே வேறு. அரசர் தம்பிமாரின் தங்கையைப் பெண் கேட்கிறார். அவளுக்குப் பிறக்கிற பிள்ளைக்குப் பட்டம் என்றால் தருகிறோம் என்கிறார்கள் தம்பிமார். அரசர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பகை அங்கே தொடங்குகிறது. அண்ணன்மார் போன பிறகு தங்கையும் உயிரை விடுகிறாள்.

ஒரே கொலை. ஒரு பக்கம் கலகக்காரனுக்குக் கிடைத்த தண்டனை, இன்னொரு பக்கம் சம்பந்தம் முறிந்ததால் வந்த சாவு. வில்லடிக்கிறவர் ஒரு வரி பாடி நிறுத்தும்போது பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார், நடுவில் ஏன் என்றும் கேட்பார், அதற்கு முதன்மைப் பாடகரான அண்ணாவி விளக்கம் சொல்வார். காரணம் கேட்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிற கலை அது. அரண்மனை வரலாற்றில் 'ஆமா' போட ஆள் இருந்தார்கள், ஏன் என்று கேட்க ஆளில்லை.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. வில்லனுக்குக் காரணம் எழுதத் தொடங்கினால், காரணமே மன்னிப்பாகிவிடுகிறது. சின்ன வயதில் அம்மா இறந்துவிட்டாள், அதனால் ஊரைக் கொளுத்தினான், பாவம். இந்த வகைக் கதைகள் இப்போது மலிந்து கிடக்கின்றன, எனக்குச் சலித்துவிட்டது. கள்ளியங்காட்டு நீலியின் கதையைப் பாருங்கள். நம்பியவன் மடியில் தூங்கும்போது நகைக்காகக் கொல்லப்பட்ட பெண், பேயாகி அவனுடைய அடுத்த பிறவிவரை துரத்திப் பழிவாங்குகிறாள். பாட்டு அவள் பக்கத்துக் காரணத்தை ஒரு சொட்டு குறைக்காமல் சொல்கிறது. கேட்கிறவர்கள் அழுகிறார்கள். அழுதுவிட்டு, ராத்திரி அந்தப் பக்கம் தனியாகப் போகாதே என்கிறார்கள். காரணம் புரிந்ததால் பயம் குறையவில்லை. எழுதுகிறவர்கள் நீலியிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம். என்ன, அவளிடம் போய்க் கற்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

தம்பிமாரின் தங்கையை வைத்து நான் இப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசர் கேட்டார், அண்ணன்மார் நிபந்தனை வைத்தார்கள், அரசர் மறுத்தார். இந்த மூன்று வரியிலும் அவளுடைய வாய் திறக்கவில்லை. நர்ஸ் அக்காவின் ஊகம், அவளுக்கு அரசரைப் பிடித்திருந்தது என்பது. சார், அந்தக் காலத்தில் பிடித்தது பிடிக்காதது பேச்சுக்கே இடமில்லை என்கிறார். குளச்சல் பிள்ளை சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது: "அந்த நிபந்தனையே அவ போட்டதா இருந்தா?"

யோசித்துப் பார்த்தால் தப்பில்லை. அரசரைக் கட்டிய பெண்ணின் பிள்ளைகள் அரண்மனையில் என்ன ஆவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே அப்படிப் பிறந்தவள். அவளுடைய அண்ணன்மார் அப்பா இறந்ததும் ஒன்றுமில்லாதவர்களாக நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள். தன் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்று அவள் நினைத்திருந்தால், அண்ணன்மார் வாயில் வந்தது அவளுடைய வார்த்தை. "பாட்டுல இல்லாதது," என்றார் சார். பாட்டு நிபந்தனையை அண்ணன்மார் வாயில்தான் வைத்திருக்கிறது, உண்மைதான். அது யார் மனதில் முளைத்தது என்பது பாட்டுக்குக் கவலையில்லை. எனக்கு அந்த அளவு இடம் போதும்.

சார் கடைசியில் அரைமனதாக இறங்கிவந்தார், ஆனால் ஒன்று கேட்டார். "அப்படியே வச்சுக்கோ மக்களே. அண்ணன்மார் செத்த சேதி வாற நேரம், இது எனக்க யோசனைதான்னு அவளுக்கு ஞாபகம் வரணும். அதை எழுதாம தாண்டிப் போகப்பிடாது." நர்ஸ் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஏற்கெனவே எல்லாம் போனவள் தலையில் பழியையும் ஏற்றாதே என்கிறார். எனக்கு இந்த விஷயத்தில் சார் கட்சிதான். முடிவை அவள் எடுத்தாள் என்று நான் எழுதினால், அதன் கணக்கையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு வாய் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. இப்போதைக்குச் சேதி கொண்டுவருகிறவன் யார் என்பது வரை முடிவாகியிருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கல்குளம் பக்கம் நடந்து வருகிற ஒரு வேலைக்காரன், அவனுக்குப் பாதிதான் தெரியும். மீதியை அவளே சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பகுதி முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். நர்ஸ் அக்கா கட்சியில் இருப்பவர்கள் இப்போதே வந்து சண்டை போட்டாலும் சரி.